மறு: செட் - கணமா, தொடையா, தொகையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நிரலாக்கக் கையேட்டை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். லிஸ்டும் செட்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வருகின்றன. லிஸ்ட் 'பட்டியல்' என்று முடிந்துவிட்டது. முன்பின் வரிசை பார்க்காமல் மதிப்புகளைச் சேர்த்துவைக்கும் செட்டுக்குத்தான் (set) தமிழ்ச்சொல் பாக்கி. கணம், தொடை, தொகை என்று மூன்று சொற்கள் நம் குழுவில் பேச்சில் உள்ளன.

கணம் வடசொல், வேண்டாம் என்று எழுதிய ஐயாவுக்கு: உயிர்க்கணம், வன்கணம், மென்கணம், இடைக்கணம் என்று எழுத்துகளைப் பிரித்துத்தானே நாம் இலக்கணத்தில் சொற்புணர்ச்சி படித்தோம்? ககரம் வன்கணத்தில் உண்டு, மகரம் இல்லை. உண்டா இல்லையா என்பது மட்டுமே அங்கே கேள்வி. எது முதலில் என்ற பேச்சே இல்லை. செட்டும் அப்படித்தான்.

இலங்கைப் பாடநூல்களில் உள்ள 'தொடை' அழகான சொல். கொடு கொடையானது போலத் தொடு தொடையானது. ஆனால் தொடுத்த பூவுக்கு முன்பின் உண்டு. செட்டில் 3, 5 என்றாலும் 5, 3 என்றாலும் ஒன்றே. 3-ஐ இருமுறை போட்டாலும் ஒன்றாகவே நிற்கும். 'தொகுதி' என்ற சொல்லோ பின்னத்தில் மேலே உள்ள எண்ணுக்குப் பெயராக உட்கார்ந்துவிட்டது, அதை விடுவோம்.

என் மனம் தொகையில்தான் நிற்கிறது. இலக்கணத்தில் சொற்கள் சேர்ந்து ஒன்றாக நிற்பது தொகை. இடையில் வேற்றுமை உருபு போன்றவை மறைவதால் தொகையா, சொற்கள் ஒன்றுசேர்வதால் தொகையா என்று இலக்கண உரைகாரர்களே மோதியிருக்கிறார்கள். தொல்காப்பியம் 'எல்லாத் தொகையும் ஒருசொல் நடைய' என்கிறது, அதாவது எல்லாத் தொகையும் ஒரே சொல்போல நடக்கும். கபிலபரணர் என்றால் ஆள் இருவர், சொல் ஒன்று. 1895-இல் கணிதவியலாளர் கேன்டர் செட்டுக்குத் தந்த வரையறையும் இதுவே: தனித்தனிப் பொருள்களை ஒரு முழுமையாகச் சேர்த்தெடுப்பது. இதைவிடப் பொருத்தமான சொல் நமக்கு எங்கே கிடைக்கும்?

தொகை என்றால் பணம்தான் நினைவுக்கு வரும் என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். உறுப்பே இல்லாத செட்டை 'வெற்றுத்தொகை' என்று திரையில் பார்ப்பவர் கணக்கில் காசில்லை என்றே படிப்பார். 'வெற்றுக்கணம்' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. தமிழ்நாட்டில் பள்ளியில் படித்தவர்களுக்குப் பழகிய சொல்லும்கூட.

சரி, பெரும்பாலானோர் சொன்னபடி கணம் என்றே போடுகிறேன். முதல்முறை வரும் இடத்தில் தொடையையும் குறிப்பேன். சொல்லடைவில் மட்டும் தொகையை மாற்றுச் சொல்லாகச் சேர்க்க வேண்டுகிறேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அப்புறம், மல்டிசெட்டுக்கு என்ன சொல்வது? அதில் 3 இருமுறை வந்தால் இரண்டும் கணக்கு. அடுத்த அத்தியாயத்திலேயே வருகிறது.