அவசரம்: 'அடிக்வேட்' என்றால் 'போதுமான' இல்லையா?

விடியாதவன்
பாராட்டாக நினைத்துத்தான் போட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அகராதியில் 'அடிக்வேட்: போதுமான, தேவைக்கு ஏற்ற' என்றுதான் இருக்கிறது. போதும் என்பது நல்ல சொல்தானே? 'இனஃப்' அல்லது 'சஃபிஷியன்ட்' போட்டிருக்க வேண்டுமா? மாலைக்குள் சரிசெய்தாக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கோடைத்தும்பி
அவர் என்றால் யார்? எங்கே போட்டீர்கள்? முழு வாக்கியத்தையும் அப்படியே தாருங்கள்.

நடுப்பக்கம்
எதைப் பற்றிச் சொன்னீர்கள் என்பதும் தெரிய வேண்டும். 'வெளிச்சம் அடிக்வேட்' என்றால் யாருக்கும் கோபம் வராது. போதிய அவகாசம், போதிய இழப்பீடு, போதிய காற்றோட்டம் என்று அளவைச் சொல்லும் இடங்களில் அது குறையற்ற சொல். சட்ட ஆவணங்களில் தாராளமாக வரும். ஒருவருடைய திறமைக்குப் பக்கத்தில் வைத்தால்தான் வம்பு. 'உங்கள் பாட்டு அடிக்வேட்' என்றால், காது வலிக்கவில்லை, அவ்வளவுதான் என்று பொருள்.

வேர்தேடி
வேரைப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். 'அடிக்வேட்' லத்தீனில் 'ஈக்வஸ்', அதாவது 'சமம்' என்ற சொல்லிலிருந்து வந்தது. 'ஈக்வல்', 'ஈக்வேட்டர்' எல்லாம் அதே குடும்பம். ஆகவே 'அடிக்வேட்' என்றால் தேவைக்குச் சமமாக்கப்பட்டது. கோட்டைத் தொட்டது, தாண்டவில்லை. உங்கள் நண்பர் லத்தீன் தெரிந்தவராக இருக்க வேண்டும், அதனால்தான் கோபம்.

பழம்பேனா
முதலில் உச்சரிப்பு. கடைசி அசை 'வேட்' அல்ல, 'வட்'. அடிக்வட். இதுகூடத் தெரியாமல் பொருள் கேட்க வந்துவிடுகிறார்கள். இரண்டாவது, வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்றைய பொருளைச் சொல்ல முடியாது. 'நைஸ்' என்ற சொல் 'அறியாத' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலப் புழக்கத்தில் முட்டாளைக் குறித்தது. நாளை யாராவது உங்களை 'நைஸ்' என்றால் சண்டைக்குப் போவீர்களா? தேடிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

வேர்தேடி
'நைஸ்' விதிவிலக்கு. 'அடிக்வேட்' தன் வேரை விட்டு விலகவே இல்லை.

பழம்பேனா
அடிக்வட்.

எண்கணி
மூன்றையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். கணிதத்தில் 'சஃபிஷியன்ட்' மட்டுமே செல்லும். ஓர் எண் நான்கால் மீதியின்றி வகுபட்டால், அது இரட்டைப்படை எண் என்று சொல்ல அதுவே போதுமானது. ஆனால் தேவையானது அல்ல. 6 நான்கால் வகுபடாது, இருந்தும் இரட்டைப்படைதான். இந்த இடத்தில் 'அடிக்வேட்' போட்டால் ஆசிரியர் அடித்துவிடுவார். 'இனஃப்' பேச்சுக்கு, 'சஃபிஷியன்ட்' எழுத்துக்கு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பில்லை. 'சஃபிஷியன்ட் இனஃப்' என்று இரண்டையும் சேர்த்து எழுதுகிறவர்கள் தனி ரகம்.

கோடைத்தும்பி
கேட்டவர் எங்கே? வாக்கியம் இன்னும் வரவில்லை.

மழைக்குருவி
பேசாமல் 'இனஃப் குட்' என்று திருத்தி அனுப்பிவிடுங்கள். 'போதுமான அளவு நல்லது'. சிக்கல் தீர்ந்தது.

நடுப்பக்கம்
ஐயோ, வேண்டாம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'இனஃப்', பெயரடை வந்தால் பின்னால் போய்விடும்: 'இனஃப் டைம்', ஆனால் 'குட் இனஃப்'. சரியான வரிசையில் எழுதினாலும் 'குட் இனஃப்' பாராட்டு ஆகாது. 'இதற்கு மேல் மெனக்கெட வேண்டாம், இப்படியே விட்டுவிடலாம்' என்ற தொனி அதில் இருக்கிறது.

திண்ணைவாசி
எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. ஆனால் தமிழிலேயே இது பாராட்டு இல்லையே! ஒருவர் பேசி முடித்ததும் 'உங்கள் பேச்சு போதுமானதாக இருந்தது' என்று சொல்லிப் பாருங்கள். நம்முடைய 'போதும்' இரண்டு முகம் கொண்டது. பரிமாறுகிறவரிடம் வயிறு நிறைந்து சொன்னால் நிறைவு; பேசுகிறவரிடம் கையை உயர்த்திச் சொன்னால் நிறுத்து. அகராதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, நாம்தான் முகத்தை மாற்றிப் பார்த்துவிட்டோம்.

வேர்தேடி
ஐயா சொன்னது அருமை. 'போதும்' என்பதன் எதிர்மறை 'போதாது'. ஆனால் பேச்சில் 'பத்தாது' என்கிறோம். அது கொச்சை, எழுத்தில் வரக்கூடாது.

திண்ணைவாசி
கொச்சை என்று தள்ளாதீர்கள். 'பற்றாது' என்பதன் பேச்சு வடிவம்தான் அது. தினமும் செய்தித்தாளில் 'பற்றாக்குறை' என்று படிக்கிறீர்களே, அதில் இருக்கும் 'பற்றா' எது என்று நினைத்தீர்கள்?

பழம்பேனா
இது ஆங்கிலச் சந்தேகத்துக்கான இழை. மேலும், 'போதிய' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். 'போதித்த' என்பதல்லவா சரி?

திண்ணைவாசி
'போதித்த' என்றால் கற்பித்த. 'போதிய' என்றால் போதுமான. முன்னது 'போதி', பின்னது 'போது'. இரண்டும் வேறு வினை, பழம்பேனா அவர்களே. தேடிப் பார்க்கும் பழக்கம் நல்லதுதான்.

மழைக்குருவி
போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து!

எண்கணி
யாராவது இழையைக் காப்பாற்றுங்கள்.

விடியாதவன்
மன்னிக்கவும், வேலையில் மாட்டிக்கொண்டேன். நான் வாக்கியம் எதுவும் எழுதவில்லை. பயிற்சி வகுப்பு முடிந்ததும் கருத்துப் படிவம் வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒரு பட்டியல் விரியும்: அடிக்வேட், எக்ஸலன்ட், ஃபேர், குட், புவர். முதலில் இருப்பதுதான் உயர்ந்தது என்று நினைத்துப் பன்னிரண்டு கேள்விக்கும் அதையே தேர்ந்தெடுத்தேன். படிவத்தில் என் பெயரும் இருந்தது. பயிற்சியாளர் இன்று காலை 'எங்கே குறை என்று சொல்லியிருக்கலாமே' என்று கேட்டார்.

கோடைத்தும்பி
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் லத்தீன் வரை போயிருக்க வேண்டாம்! அந்தப் பட்டியலைப் பாருங்கள்: ஆங்கில எழுத்து வரிசையில் ஏ, ஈ, எஃப், ஜி, பி. படிவம் செய்தவர் தரவரிசையை விட்டுவிட்டு அகரவரிசையில் அடுக்கிவிட்டார். மேலிருந்து கீழே அடுக்கினால் எக்ஸலன்ட், குட், பிறகுதான் அடிக்வேட். ஃபேருக்கு மேலா கீழா என்பது அந்தப் படிவத்துக்கே வெளிச்சம். எப்படிப் பார்த்தாலும் பன்னிரண்டு முறை 'பரவாயில்லை' என்று சொல்லியிருக்கிறீர்கள்.

திண்ணைவாசி
போதித்தவரிடம் போய்ப் பன்னிரண்டு முறை 'போதும்' என்றிருக்கிறீர்கள். கோபிக்காமல் என்ன செய்வார்?

நடுப்பக்கம்
இனி எந்தச் சொல் சரி என்று தேட வேண்டாம். பட்டியலின் முதல் வரியை உயர்ந்தது என்று நினைத்துவிட்டேன் என்பதை நேரில் சொல்லிவிடுங்கள். கூடவே அவர் வகுப்பில் கற்றுக்கொண்ட ஒன்றை, எந்த நாள், எந்தப் பயிற்சி என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். 'எக்ஸலன்ட்' என்று இப்போது வெறுமனே எழுதினால் பயந்து மாற்றியதாகத் தோன்றும். 'மோர் தேன் அடிக்வேட்' என்றும் எழுதிவிடாதீர்கள். இலக்கணப்படி பாராட்டுதான், ஆனால் அந்தச் சொல்லை அவர் இன்னொரு முறை பார்க்க வேண்டியதில்லை.

பழம்பேனா
உச்சரிப்பு தெரிந்திருந்தால் பொருளும் தெரிந்திருக்கும் என்பதே என் கருத்து.

வேர்தேடி
படிவத்தை வாய்விட்டா படித்தார்?

விடியாதவன்
சரியாகிவிட்டது. அனைவருக்கும் நன்றி.

கோடைத்தும்பி
எப்படிச் சரியானது? நேரில் சொன்னீர்களா, எழுதினீர்களா? அடுத்து வருகிறவர்களுக்கு உதவும், ஒரு வரி சொல்லிவிட்டுப் போங்கள்.

கோடைத்தும்பி
விடியாதவன்?