கொள்ளிவாய் வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதுங்கள்

முத்துப்பேட்டைக்காரர்:
கோடியக்கரையிலிருந்து அதிராம்பட்டினம் வரைக்கும் உள்ள சேற்றுக்கரையில் பிறந்த யாரும் கொள்ளிவாய்ப் பிசாசைப் பற்றி, அதாவது ராத்திரியில் சேற்றின் மேல் தானாகத் தோன்றும் வெளிச்சத்தைப் பற்றி, கேள்விப்படாமல் வளர்ந்திருக்க மாட்டார்கள். கேள்விப்பட்டதை எழுத வேண்டாம், நிறைய வந்துவிட்டது. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். எந்த மாதம், காற்று இருந்ததா, என்ன நிறம், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதெல்லாம் வேண்டும். ஜடை விரித்து, பல்லைக் காட்டி என்று நாமே சேர்க்கிற அலங்காரத்தால்தான் நிஜமாகப் பார்த்தவர் சொல்வதையும் யாரும் நம்புவதில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். என் தாய்மாமா அலையாத்திக் காட்டில் வாய்க்கால் மீன் பிடிப்பவர். மார்கழிக் கடைசி, மழை ஓய்ந்திருந்த நேரம். ஜாம்பவானோடையில் படகேறி, கோரையாறு வழியாக முகத்துவாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். நிலவு இல்லை, இலை அசையவில்லை. வலப்பக்கம் மரங்கள் முடிந்து வெறும் சேறாகத் தெரியும் இடத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு வெளிச்சம். அரிக்கேன் விளக்குச் சுடர் அளவுதான், ஆனால் மஞ்சள் இல்லை, நீலம் கலந்த வெள்ளை. சுடர்போல ஆடவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அதற்குத் தள்ளி இன்னொன்று. நண்டு பிடிப்பவர்களின் டார்ச்சோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் அந்தச் சேற்றில் ஆள் நிற்க முடியாது, இடுப்புவரை உள்ளே இழுத்துவிடும்.

மாமா கழி ஊன்றுவதை நிறுத்தினார். "பாத்துக்க. ஆனா படக அந்தப் பக்கம் திருப்பக் கூடாது" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கடல் பக்கமிருந்து காற்று எழுந்ததும் இரண்டும் அணைந்துவிட்டன. புகை இல்லை. எப்போதும் இருக்கிற அழுகிய முட்டை வாடைதான் இருந்தது.

இதற்குச் சொல்லப்படும் விளக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சேற்றுக்குள் இலைதழை அழுகி மீத்தேன் உண்டாகிறது, அது எரிகிறது என்பார்கள். இத்தாலிய விஞ்ஞானி வோல்டா 1776-ல் ஏரிச் சேற்றைக் கிளறிக் குமிழிகளைப் பிடித்துப் பார்த்த காலத்திலிருந்து சொல்லப்படுவது. ஆனால் மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாது, யாராவது பற்றவைக்க வேண்டும். பாஸ்பரஸ் கலந்த ஒருவகை வாயு காற்றுப் பட்டதும் தானே எரியும் என்பது உண்மை. ஆனால் அது எரிந்தால் வெள்ளைப் புகை வரும். நான் பார்த்ததில் அது இல்லையே.

எனக்குப் பொருந்துவதாகப் படுவது காலக்கணக்கு மட்டும்தான். கடலின் உப்புநீர் நிறைந்த சேற்றில் மீத்தேன் அதிகம் உண்டாகாது. வடகிழக்குப் பருவமழையில் பாமணியாறும் கோரையாறும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டி உப்பு குறையும்போதுதான் கூடும். மார்கழி, தையில்தான் கொள்ளி கிளம்பும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதும் இதையேதான். வாயுவைப் பற்றி எதுவும் படிக்காதவர்கள் அவர்கள். இந்த ஒற்றுமையை என்னால் சாதாரணமாக ஒதுக்க முடியவில்லை.

வேதாரண்யத்துக்காரர்:
அண்ணே, நான் வெளிச்சம் பார்த்ததில்லை. சத்தம் கேட்டிருக்கிறேன், எழுதலாமா? அப்பா அகத்தியம்பள்ளிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தார். கோடையில் ராத்திரிக் காவலுக்கு நானும் கூடப் போவேன். நடுச்சாமத்துக்கு மேல் வரப்பில் குதிரைக் குளம்பு ஓசை வரும். ஐயனார் ஊர்க்காவல் சுற்றுகிறார், எழுந்து உட்கார் என்பார் அப்பா.

கோடியக்கரைக் காட்டில் ஆளில்லாமல் திரிகிற குதிரைகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். 1967-ல் வெளிமானுக்காகச் சரணாலயம் ஆக்கிய அதே காடுதான். கோடையில் நல்ல தண்ணீர் தேடி அவை வெளியே வரும். பல நாள் விடிந்ததும் சாணியும் தடமும் பார்த்திருக்கிறோம். அதனால் ஓசையில் புதிர் இல்லை. ஒரே ஒரு ராத்திரி மட்டும் ஓசை எங்கள் கொட்டகை வரைக்கும் வந்து நின்றது. அப்பா லாந்தரைத் தூக்கிக்கொண்டு உடனே போனார். அன்று சாயங்காலம்தான் பாத்தி மிதித்துச் சமன் செய்திருந்தோம், காகம் நடந்தாலும் தடம் விழும். ஒன்றும் இல்லை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததில் குதிரைகளும் நிறைய செத்துப்போயின. அதற்கப்புறம் நான் ராத்திரி அங்கே தங்கவில்லை.

பூம்புகாரிலிருந்து:
எங்களுடையது காடு இல்லை, கடல். இந்திர விழாவை மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்கிறது. கரையிலிருந்து கிழக்கே ஓரிடத்தில் வலை போட்டால் மாட்டும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பழைய ஊர்ச் சுவர் என்பது எங்கள் தாத்தா கணக்கு. 1991-ல் கடலடியில் தேடியவர்கள் சுமார் 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவில் ஓர் அமைப்பைக் கண்டார்கள். மனிதர் கட்டியதா, இயற்கையா என்பது இன்னும் முடிவாகவில்லை. பக்கத்துக் கீழையூரில் மண்ணுக்குள் கிடைத்த செங்கல் படகுத்துறை போல இதற்கும் ஒருநாள் விடை கிடைக்கும் என்று நம்புகிறேன்.

முத்துப்பேட்டைக்காரர்:
சத்தமும் எழுதலாம் தம்பி, இப்படித்தான் எழுத வேண்டும். பாத்தி மிதித்த விவரம் சொன்னீர்களே, அது இல்லாவிட்டால் உங்கள் அனுபவத்துக்குப் பலமே இருந்திருக்காது. அப்பா இப்போதும் இருக்கிறார் என்றால் இன்னொன்று கேட்டுச் சொல்லுங்கள்: அன்று காற்று எந்தத் திசை? உப்பளம் வெட்டவெளி. தொலைவில் ஓடும் குதிரையின் ஓசை காற்றில் பக்கத்தில் கேட்கக்கூடும்.

கஜாவில் எங்கள் அலையாத்தியும் பெருமளவு பட்டுப்போனது. அந்தக் காட்டில் இரவெல்லாம் இருந்தவர்களில் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே போனில் பதிவுசெய்து, எழுத்தாக்கி இங்கே போடுங்கள். தொண்டியக்காடு, கோடியக்காடு பக்கத்துக்காரர்கள் இன்னும் யாரும் எழுதவில்லை.