டிசைன் ரிவ்யூவில் பெண்கள் பேசுவதில்லை, பயிற்சி கொடுக்கலாமா?

வெண்ணாறு:
தஞ்சாவூரில் 14 பேர் கொண்ட மென்பொருள் அலுவலகம். ஐந்து பேர் பெண்கள். ஒரத்தநாடு, பாபநாசம், அம்மாபேட்டை பக்கமிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்கள். நிரலை (கோடு) சுத்தமாக எழுதுகிறார்கள், ஆனால் டிசைன் ரிவ்யூவில், அதாவது மென்பொருளை எப்படி அமைப்பது என்று பேசி முடிவெடுக்கும் கூட்டத்தில், வாயே திறப்பதில்லை. "கூச்சப்படாம இயல்பா இருங்க" என்று சொல்லியாயிற்று. பேச்சுப் பயிற்சி ஏதாவது ஏற்பாடு செய்யலாமா?

குடமுருட்டி:
பயிற்சி அவர்களுக்கு வேண்டாம் சார். ரிவ்யூ எத்தனை மணிக்கு? மாலை 5.30 என்றால் பாதி மனசு பஸ் ஸ்டாண்டில் இருக்கும். விடியல் பயணம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில்தான் செல்லும்; அதை விட்டால் காசும் போகும், இருட்டியும் விடும். காலை 11க்கு மாற்றுங்கள்.

டிசைனை இரண்டு பக்கத்தில் எழுதி முந்தின நாளே அனுப்புங்கள். கூட்டத்தின் முதல் 10 நிமிடம் யாரும் பேசாமல் அந்த ஆவணத்திலேயே கருத்து எழுதட்டும். சீனியர் கடைசியில்தான் பேச வேண்டும். அவர் முதலில் "இது ஓகே" என்றுவிட்டால் ஆண்களே மறுக்க மாட்டார்கள். தமிழில் பேசலாம் என்று அனுமதி கொடுப்பதால் ஒன்றும் நடக்காது, நீங்கள் தமிழில் ஆரம்பிக்க வேண்டும். கேஷ், க்யூ, டெட்லாக் போன்ற தொழில்நுட்பச் சொற்கள் ஆங்கிலத்தில் அப்படியே இருக்கட்டும்.

பெரிய ஓட்டை டீக்கடை. நாலு பேர் டீ குடித்துக்கொண்டே டேட்டாபேஸ் அமைப்பை மாற்ற முடிவெடுத்துவிட்டு வந்தால் அப்புறம் ரிவ்யூ எதற்கு? முடிவை டிக்கெட்டில் (எல்லாரும் பார்க்கும் வேலைப் பதிவில்) எழுதி, மறுநாள் மதியம்வரை மறுப்புக்கு அவகாசம் விட்ட பிறகே மெர்ஜ், அதாவது மாற்றத்தைப் பொதுக் கோடில் சேர்ப்பது.

அரசலாறு:
"இயல்பா இருங்க" என்பதை நம்பி ஒரு பெண் மறுத்துப் பேசினால் அடுத்த அப்ரைசலில் அவர் "திமிர்" பிடித்தவர்; அதையே ஆண் சொன்னால் "தெளிவு". அப்ரைசலில் குணத்தைப் பற்றிய சொற்களை வெட்டிவிட்டு, எந்த மாட்யூல், எந்த முடிவு, எந்தக் கோளாறு என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

மினிட்ஸ் எழுதுகிறவர் பேச முடியாது. அந்த வேலை யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள், 14 பேருக்கும் சுற்றில் விடுங்கள்.

வெண்ணாறு:
மினிட்ஸ் பெண்கள்தான் எழுதுகிறார்கள், உண்மை. ஆன்-கால் வேலையிலிருந்து (அலுவலக நேரத்துக்கு வெளியே கோளாறு வந்தால் பார்ப்பது) அவர்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறோம். ஒருவர் அடுத்த மாதம் பிரசவ விடுப்பு முடிந்து வருகிறார்.

அரசலாறு:
விலக்கு இரக்கம் மாதிரி தெரியும். ஆனால் புரொடக்‌ஷன், அதாவது வாடிக்கையாளர் கையில் ஓடும் மென்பொருள், எங்கே உடைகிறது என்று தெரியாதவருக்கு ஆர்க்கிடெக்ட் பதவி வராது. ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். சம்மதித்தால் வீட்டிலிருந்தே பார்க்கட்டும். இன்வெர்ட்டரும் வேறு நெட்வொர்க் சிம்மும் அலுவலகச் செலவில். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போவது உங்களுக்குத் தெரியாததா?

விடுப்பு முடிந்து வருகிறவருக்கு: 26 வாரத்தில் லைப்ரரிகள் மாறி, அவர் மடிக்கணினியில் பில்டே (கோடை ஓடும் மென்பொருளாக ஆக்குவது) ஓடாது. கடவுச்சொல், விபிஎன், கிட் (கோடு சேமித்து வைக்கும் இடம்) அனுமதி எல்லாம் முந்தின நாளே சரியாக இருக்கட்டும். முதல் வாரம் அவரே முன்பு எழுதிய மாட்யூலில் சின்ன பக்-கள். "லேசான வேலை" என்று டெஸ்டிங்குக்குத் தள்ளாதீர்கள், அங்கிருந்து திரும்பி வருவது கஷ்டம். தாய்ப்பால் எடுக்க உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, அந்தப் பாலை வைக்க ஃபிரிட்ஜ், இரண்டும் வேண்டும். 50 பேருக்குக் குறைவு என்பதால் குழந்தைகள் காப்பகம் சட்டப்படி கட்டாயமில்லை.

குடமுருட்டி:
பணியிடப் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதா சார்? 2013 சட்டப்படி 10 பேர் இருந்தாலே கட்டாயம். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். பெயர்களைச் சுவரில் ஒட்டுங்கள்.