கலாம் ஐயா வாழ்ந்த வீடுகளைப் பார்க்க வேண்டும்

கரோல்பாக் தமிழன்:
விடுமுறையில் ராமேசுவரம் போகிறோம். டெல்லியிலேயே வளர்ந்த என் மகளுக்குக் கலாம் ஐயா என்றால் உயிர். புறப்படுமுன் இங்கே அவர் வாழ்ந்த இடங்களையும் காட்ட ஆசை. எங்கே தொடங்கலாம்?

முனிர்கா அக்கா:
தம்பி, 2002 முதல் 2007 வரை அவர் இருந்த குடியரசுத் தலைவர் மாளிகையில் தொடங்குங்கள். இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். மொத்தம் 340 அறைகள், சிலவற்றைத்தான் காட்டுவார்கள். அதன்பிறகு அவர் குடியிருந்தது ராஜாஜி மார்க் 10ஆம் எண் வீடு. 2015இல் ஷில்லாங்குக்குப் புறப்பட்டவர் அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. அரசுக் குடியிருப்பு என்பதால் உள்ளே போக முடியாது. நான் எதிர்ப்புறம் மர நிழலில் பத்து நிமிடம் நின்றேன், கண் கலங்கிவிட்டது. அவருடைய உடைமைகளைப் பார்க்க ஐஎன்ஏ பகுதியில் டில்லி ஹாட் சந்தையில் உள்ள கலாம் நினைவகத்துக்குப் போங்கள்.

ராமநாதபுரத்துக்காரன்:
அண்ணா, ராமேசுவரம் வரும் பலர், அவர் அடக்கம் செய்யப்பட்ட பேய்க்கரும்பு நினைவிடத்தோடு திரும்பிவிடுகிறார்கள், மனம் வலிக்கிறது. 1931இல் அவர் பிறந்த மசூதித் தெரு வீட்டை விட்டுவிடாதீர்கள்! கோயிலிலிருந்து நடந்தே போகலாம். போர்க்காலத்தில் ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கி விநியோகித்த சிறுவன் அவர். அந்தத் தெருவில் வைத்தே மகளுக்கு அதைச் சொல்லுங்கள்.

கரோல்பாக் தமிழன்:
நன்றி அக்கா, நன்றி தம்பி. ஞாயிறன்று ராஜாஜி மார்க் போகிறோம்.