போகிமான் கோல்டா, எமரால்டா? பத்து நாள் லீவுக்கு எது?

பழைய கார்ட்ரிட்ஜ்:
அண்ணன் வேலைக்குப் போய்விட்டதால் அவனுடைய கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க ஆட்டக் கருவி என் கைக்கு வந்துவிட்டது. கூடவே போகிமான் என்ற பிராணிகளைப் பிடித்துச் சண்டைபோட வைக்கும் ஆட்டங்கள் இரண்டு கார்ட்ரிட்ஜில்: ஜப்பானில் 1999இல் வந்த கோல்ட், 2004இல் வந்த எமரால்டு. எனக்குப் பத்து நாள்தான் லீவு. எதைத் தொடங்கட்டும்?

ஜோடோவாசி:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கோல்ட்தான். ஜோடோ என்ற பகுதியில் நடக்கும் ஆட்டம், உள்ளே நிஜக் கடிகாரம் ஓடுகிறது. புல்லில் ஹூட்ஹூட் என்ற ஆந்தைப் போகிமான் ராத்திரியில்தான் வரும். யூனியன் குகையில் லாப்ரஸ் வெள்ளிக்கிழமை மட்டும்தான். கடைசிச் சாம்பியன் போட்டியான லீக்கை ஜெயித்தால் முந்தைய ஆட்டத்தின் கான்டோ பகுதி முழுக்கத் திறக்கும், ஜிம் தலைவர்களை ஜெயித்து வாங்கும் பேட்ஜ் மொத்தம் 16. எல்லாம் முடிந்து மலை உச்சிக்குப் போனால் ரெட் நிற்பான், முதல் ஆட்டத்தில் நாம் நடத்திய அதே பையன். ஒரு வார்த்தை பேசமாட்டான், நேராகச் சண்டைதான். எமரால்டில் இப்படி ஒரு தருணம் உண்டா?

ஹோயென் பைத்தியம்:
கான்டோ திறக்கும், சரி. உள்ளே போய்ப் பார்த்தீர்களா? சஃபாரி ஸோன் மூடிக்கிடக்கிறது. சின்னபார் தீவை எரிமலை விழுங்கிவிட்டது. லீக் சாம்பியன் லான்ஸின் பெரிய டிராகனைட் லெவல் 50, ரெட்டின் பிகாச்சு 81. நடுவில் உள்ள 31 லெவலை எங்கே ஏற்றுவது? புல்லில் வருவதெல்லாம் குஞ்சும் குளுவானும். டார்க் என்ற போகிமான் வகையைப் புதிதாகக் கொண்டுவந்துவிட்டு, அந்த வகை ஹவுண்டரைக் கான்டோவில் ஒளித்துவைத்த புண்ணியவான்கள்!

ஹோயென் பகுதியில் நடக்கும் எமரால்டில் ஒவ்வொரு போகிமானுக்கும் எபிலிட்டி, அதாவது ஒரு பிறவிக் குணம், உண்டு. ஐந்தாவது ஜிம்மில் நம் சொந்த அப்பா நார்மன். அவருடைய ஸ்லாக்கிங் பயங்கர பலசாலி, ஆனால் சோம்பேறி. ஒரு சுற்று அடித்தால் அடுத்த சுற்று சும்மா படுத்திருக்கும். அது அடிக்கும்போது ப்ரொடெக்ட் என்ற தடுப்பு, படுத்திருக்கும்போது நம் அடி. சதுரங்கம் மாதிரி இருக்கும்.

ஜோடோவாசி:
அந்த ருசி எபிலிட்டி இல்லாமலே ஜோடோவில் இருந்தது. ஜிம் தலைவி விட்னியின் மில்டேங்க்கை மறந்துவிட்டீர்களா? ரோல்அவுட் உருள உருள அடி இரட்டிப்பாகும். ஆண் போகிமானை இறக்கினால் அட்ராக்ட் போட்டு மயக்கிவிடும். அதே ஊர் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் ஒருவர் டிரவுஸியை வாங்கிக்கொண்டு மச்சாப் தருவார். அது பெண், அட்ராக்ட் பலிக்காது. கடை கடையாக ஏறி இறங்கினவனுக்குத்தான் அது தெரியும்.

உங்கள் ஹோயெனில் பாதி வரைபடம் கடல். டென்டகூல் ஜெல்லிமீன், மறுபடி டென்டகூல். வழி திறக்கும் ஹெச்எம் வித்தைகள் எட்டு, அதைச் சுமக்கவே ஒரு ஆள் வேண்டும். பகல் ராத்திரி நிறமும் போச்சு. பழைய ஆட்டத்துப் போகிமானைக் கொண்டுவரவும் வழியில்லை.

ஹோயென் பைத்தியம்:
கடல் விஷயத்தில் கையைத் தூக்குகிறேன். ஆனால் அதே தண்ணீரில்தான் ஃபீபாஸ் மீன் இருக்கிறது. ரூட் 119 ஆற்றில் எத்தனையோ கட்டங்கள், ஆறே ஆறு கட்டத்தில்தான் கடிக்கும். நான் கட்டம்போட்ட கணக்கு நோட்டில் ஆற்றை வரைந்து, தூண்டில் போட்ட கட்டத்தை எல்லாம் அடித்துக்கொண்டே போனேன். மூன்றாவது நாள் சாயங்காலம் கிடைத்தது. டியூஃபர்டு ஊரில் பேசும் ஃபேஷன் வாசகம் மாறினால் அந்த ஆறு கட்டமும் மாறும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கிடைத்த மீனுக்கு போகிபிளாக் தின்பண்டம் ஊட்டி அழகேற்றினால் மைலாட்டிக்காக மாறும். நோட்டு இன்னும் இருக்கிறது.

ஜோடோவாசி:
மூன்று நாள் மீன் பிடிப்பதை லீவு என்று சொல்கிறீர்கள். அவருக்கு இருப்பதே பத்து நாள்.

ஈயப்பற்று:
சண்டைக்கு நடுவே ஒரு வார்த்தை. கோல்டில் சேவ் உள்ளே இருக்கும் பேட்டரியை நம்பி நிற்கிறது, கடிகாரமும் அதே பேட்டரியைத் தின்கிறது. அது செத்தால் சேவும் போச்சு. எமரால்டில் சேவ் ஃப்ளாஷ் நினைவகத்தில் இருக்கும். பேட்டரி தீர்ந்தால் நேரம் சார்ந்தவை மட்டும் நிற்கும், ஆட்டம் நிற்காது. முதலில் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

பழைய கார்ட்ரிட்ஜ்:
பார்த்தேன். கோல்டில் சேவ் செய்து அணைத்துப் போட்டால் மறுபடி 'புதிய ஆட்டம்' மட்டும்தான் வருகிறது. எமரால்டு நன்றாக இருக்கிறது, ஆனால் உள்ளே அண்ணனின் 212 மணி நேர ஆட்டம். இருப்பதோ ஒரே சேவ். பெட்டியில் மைலாட்டிக்கும் இருக்கிறது. அழிக்கட்டுமா என்று போன் போட்டுக் கேட்டேன். "தொட்டுப் பார், அப்புறம் இருக்கு" என்றான்.

கோல்டுக்கு என்ன பேட்டரி வாங்க வேண்டும்?

ஈயப்பற்று:
சிஆர்2025, ஈயப்பற்று வைக்கத் தகட்டுக் காது உள்ளதாக வாங்குங்கள். டேப் போட்டு ஒட்டாதீர்கள்.