மறு: ஷாக் அப்சார்பர் மவுண்டிங் ஹார்டுவேர்: ‘தணிப்பிப் பூட்டு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

வண்டியின் ஷாக் அப்சார்பரைச் சட்டத்தோடும் அச்சோடும் மாட்டும் பாகங்களுக்கு (மவுண்டிங் ஹார்டுவேர்) அகராதியில் ‘தணிப்பிப் பூட்டு’ என்று போடலாமா என்று கேட்டிருந்தேன். இரண்டு நாள் எட்டிப் பார்க்கவில்லை, அதற்குள் இழை எங்கேயோ போய்விட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே மடலில் பதில் எழுதிவிடுகிறேன். நீளத்துக்கு மன்னிக்கவும்.

> ‘ஏற்ற வன்பொருள்’ என்று போட்டுவிடலாமே. ஹார்டுவேருக்கு வன்பொருள் நிலைத்துவிட்ட சொல்தானே?

நிலைத்த சொல்தான் ஐயா, ஆனால் கணினிக்குள் நிலைத்த சொல். வன்பொருள் என்றால் விசைப்பலகை நினைவுக்கு வருமே தவிர, சேறு அப்பிய போல்ட் வராது. ‘ஏற்ற வன்பொருள்’ என்று எழுதினால் ‘தகுந்த வன்பொருள்’ என்றுதான் படிப்பார்கள். நாம் பேசுவது போல்ட், நட், வாஷர், ரப்பர் புஷ், அதன் நடுவிலுள்ள இரும்புக் குழல், சட்டத்திலும் அச்சிலும் பற்றவைத்த பிராக்கெட் எல்லாம் சேர்ந்த தொகுதி. சொல்லும் அந்தத் தொகுதியைத்தான் சுட்ட வேண்டும்.

முதலில் ஷாக் அப்சார்பர். ‘அதிர்வுத் தாங்கி’ பத்திரிகைகளில் ஓடுகிறது, தெரியும். ஆனால் அது எதையும் தாங்குவதில்லை. வண்டியின் எடையைத் தாங்குவது சுருள்வில்லோ கமான் பட்டையோதான். பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகு அந்த வில் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். உள்ளே எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிதுக்கி, அந்த ஆட்டத்தை வெப்பமாக்கித் தணிப்பதுதான் இந்தக் குழாயின் வேலை. கரட்டு வழியில் நெடுநேரம் ஓட்டிவிட்டுத் தொட்டுப் பார்த்தால் கை சுடும். அதனால்தான் ‘தணிப்பி’ என்கிறேன். பள்ளியில் ‘தடையுறு அலைவு’ என்று படித்தோமே, அதிலிருந்து ‘தடையி’ ஆக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். தடை என்றதும் பிரேக் நினைப்பு வருகிறது, வேண்டாம்.

இனி மவுண்ட்.

> ‘மூட்டு’ போதாதா? எலும்பு மூட்டு, குழாய் மூட்டு என்று ஏற்கெனவே புழங்குகிறது. ‘பூட்டு’ என்றால் சாவி தேடுவார்கள்.

தோழி கேட்டது நியாயமான கேள்வி. நானும் முதலில் மூட்டு என்றுதான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் மூட்டு என்பது இரண்டு பொருள் சேரும் இடம். கோணிச் சாக்கின் வாயை மூட்டினாலும் மூட்டுதான், பற்றவைத்து ஒட்டினாலும் மூட்டுதான். கழற்றி மாட்டுவது என்ற பொருள் அதில் இல்லை. பூட்டு அப்படி இல்லை. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், வேலை முடிந்ததும் அவிழ்த்து விடுகிறோம். நுகத்தில் பூட்டிய மாடு விலகிப் போகாது, ஆனால் கழுத்தை அசைக்கலாம். தோள்பூட்டும் அப்படித்தான்: கையை விடாது, சுழலவும் விடும். பிடித்திருக்க வேண்டும், அசைய விட வேண்டும், வேண்டும்போது கழற்றவும் வர வேண்டும். தணிப்பியின் முனையில் நமக்கு வேண்டியது இந்த மூன்றும்தான். சாவி தேடுபவர்கள் ‘தணிப்பிப் பூட்டு’ என்று முழுச்சொல்லைப் பார்த்தால் தேட மாட்டார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ‘எடை தாங்காது’ என்ற என் வாதம் காயில்ஓவர் வகையில் அடிபடும். அங்கே சுருள்வில் தணிப்பியின் உடம்பின் மேலேயே உட்கார்ந்திருப்பதால், அந்த மூலையின் எடை பூட்டு வழியாகத்தான் இறங்குகிறது. பெயரை அதற்காக மாற்ற வேண்டாம், ஆனால் போல்ட் தேர்வில் மறக்கக் கூடாது.

வகைகளுக்கு வருவோம். ‘ஐ மவுண்ட்’டை ‘கண் பூட்டு’ என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். ஆங்கிலத்தில் ஊசிக்குக் கண், தமிழில் ஊசிக்குக் காது! துளை உள்ள வளைய முனை நமக்கு எப்போதுமே காதுதான். ஆகவே காதுப்பூட்டு. முனையில் மரை வெட்டிய தண்டு நீட்டிக்கொண்டு, மேலும் கீழும் ரப்பர் வளையம் வைத்து நட்டால் இறுக்குவது தண்டுப்பூட்டு. காதுக்குள் குறுக்கே ஒரு கம்பி போய், அதன் இரு முனைகளையும் தனித்தனி போல்ட் பிடிப்பது குறுக்காணிப்பூட்டு. இதில் யாருக்கும் சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.

சண்டை ‘சிங்கிள் ஷியர், டபுள் ஷியர்’ இரண்டில்தான். பாடநூல் வழியில் போனால் ‘ஒற்றைச் சறுக்குப்பெயர்ச்சி’, ‘இரட்டைச் சறுக்குப்பெயர்ச்சி’. பட்டறையில் இதை யார் சொல்லப் போகிறார்கள்? போல்ட்டை ஒரு பக்கம் மட்டும் பிராக்கெட் பிடித்திருந்தால் ஒருபக்கப் பிடி, காதின் இரு பக்கமும் பிராக்கெட் சுவர் இருந்தால் இருபக்கப் பிடி. இருபக்கப் பிடியில், போல்ட்டைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசை இரண்டு தளங்களில் பாதி பாதியாகப் பிரிகிறது. அதைவிட முக்கியம், போல்ட் வளைவது வெகுவாகக் குறைகிறது. ஒருபக்கப் பிடியில் அது சுவரில் அடித்த ஆணியில் குடத்தை மாட்டிய கதை. கல்லும் குழியுமான தடத்துக்கு, காயில்ஓவர் என்றால் கட்டாயமாக, இருபக்கப் பிடிதான் என் பரிந்துரை.

போல்ட்டின் தலையில் உள்ள எண்ணுக்கு ‘வலிமைக்குறி’ என்று ஒருவர் முன்மொழிந்ததை அப்படியே ஏற்கிறேன். அகராதி விளக்கத்தில் இரண்டு வரி சேர்க்கலாம்: 8.8 என்றால் இழுவலிமை 800 மெகாபாஸ்கல், அதில் 80 சதவீதமான 640-ல் நிரந்தரமாக நீளத் தொடங்கும், 10.9 என்றால் 1000, 900. எண்ணைப் பார்த்தே கணக்குப் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. இன்னொன்று, பிராக்கெட் சுவரும் காதும் சந்திக்கும் இடத்தில் போல்ட்டின் மரை வரக் கூடாது, வழவழப்பான தண்டுதான் வர வேண்டும். மரைப் பள்ளம் போல்ட்டை மெலிதாக்குகிறது, துளையையும் அரம் மாதிரி ராவிவிடும். அந்த வழவழப்புப் பகுதிக்கு ‘மொழுக்குத் தண்டு’ எப்படி?

‘ரைடு ஹைட்’டுக்கு, அதாவது வண்டி தன் எடையில் நிற்கும் உயரத்துக்கு, ஒரு சொல் தேவை என்று நான் அடம்பிடிப்பதற்கு என் சொந்தக் கதை காரணம். புதுத் தணிப்பி மாட்டியபோது வண்டி ஜாக்கில், சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலேயே முழு முறுக்கு கொடுத்துவிட்டேன். காதுப்பூட்டில் போல்ட் பிராக்கெட்டோடு உள்குழலை நெரித்துப் பிடித்துவிடும்; அதன் பிறகு சுழற்சி முழுவதும் ரப்பரின் முறுக்கலில்தான் நடக்கிறது. வண்டியை இறக்கியதும் ரப்பர் நின்ற இடத்திலேயே முறுகி நின்றது. சில மாதத்தில் புஷ் கிழிந்து, டக் டக் என்று சத்தம். சத்தம் எங்கிருந்து என்று தேடி நான் கழற்றாத பாகம் இல்லை. வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. இந்த உயரத்துக்கு ‘நிலையுயரம்’ என்கிறேன். ‘ஓட்ட உயரம்’ என்றால் ஓடும்போது அளப்பது போல் இருக்கிறது.

போல்ட், நட், வாஷர், புஷ் நான்கையும் அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. திருகாணி, மரையாணி என்று மாற்றினால் எது எதைக் குறிக்கிறது என்று இன்னொரு இழை ஓடும். தூய்மைக்காரர்கள் திட்டட்டும்.

எனக்கே திருப்தி இல்லாதது ஒன்றுதான். கரட்டுத் தடத்தில் ஒரு சக்கரம் பாறை மேல், மறு சக்கரம் குழியில் என்று அச்சு சாயும்போது காதும் பக்கவாட்டில் திருகும். ரப்பர் புஷ் கொஞ்சம்தான் விட்டுக்கொடுக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பந்துக்கிண்ணப் பூட்டு போட்டு, இரு பக்கமும் கூம்பு வடிவத்தில் ஒரு வளையம் வைப்பார்கள், பிராக்கெட்டில் இடிக்காமல் சாய இடம் கிடைக்கும். அந்த வளையத்துக்கு ‘கோணல் வளையம்’ என்று எழுதினேன். வளையமே கோணலாக இருக்கிறது என்று படிக்கிறார்கள். ‘சாய்விட வளையம்’ நாக்கில் புரளவில்லை. யாருக்காவது வேறு தோன்றினால் எழுதுங்கள், மற்றவற்றை அதுவரை பதிவில் ஏற்றி வைக்கிறேன்.

அன்புடன்.