உயர்நிலப் பாலைவனத்தில் பனிப்புயல்: தம்பி எதற்கு ஆயத்தமாக வேண்டும்?

உவர்மலை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஐக்கிய அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் கிழக்குப் பகுதியிலுள்ள ஈலி என்ற சிற்றூரில் என் தம்பிக்கு வேலை கிடைத்திருக்கிறது. தை நடுப்பகுதியில் அவன் அங்கே போய்ச் சேர வேண்டும். நெவாடாவைப் பாலைவனம் என்றுதான் பாடசாலையில் படித்தோம். ஆனால் பனிப்புயல் நாட்களில் வீதிகள் மூடப்படும் என்று வேலைத்தலத்திலிருந்து அவனுக்கு எழுதியிருக்கிறார்கள். மழையே அரிதான நிலத்துக்குப் பனிப்புயல் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. திருகோணமலையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை அவன். எப்போதோ நுவரெலியாவில் தங்கியதைத் தவிரக் குளிரை அறியான். அம்மா நித்திரையின்றிக் கவலைப்படுகிறார். அறிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், பாலையூற்று:

பிள்ளை, ஒரு நிலம் பாலைவனமா இல்லையா என்பதை வறட்சியைக் கொண்டே தீர்மானிக்கிறோம். ஆண்டுக்கு ஏறக்குறைய 250 மில்லிமீற்றருக்கு மேல் மழைவீழ்ச்சி கிடைக்காத நிலம் பாலை; நம்முடைய திருகோணமலைக்கு அதைப்போல ஆறு மடங்கு அளவில் கிடைக்கிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சியரா நெவாடா மலைத்தொடரில் ஏறும்போதே தன் நீரில் பெரும்பங்கைக் கொட்டிவிடுவதால், மலைக்குக் கிழக்கே எஞ்சி வருவது கொஞ்சந்தான். ஆனால் ஈலி ஏறத்தாழ 1,960 மீற்றர் உயரத்தில், நுவரெலியாவையும்விடச் சற்று மேலே, அதுவும் வட அகலக்கோடு 39 பாகையில் இருக்கிறது. ஆகவே மாரியில் அந்தக் கொஞ்சமும் பனியாகவே விழுகிறது.

குளிரைக் கடுமையாக்குவதும் அதே வறட்சிதான். நமது ஊரில் பகலில் நிலம் வாங்கிய வெப்பத்தை இரவில் காற்றிலுள்ள நீராவியும் முகிலும் தடுத்து வைத்துக்கொள்வதால் மார்கழி விடியலிலும் ஒரு போர்வை போதுமாக இருக்கிறது. அங்கே அந்தத் தடை இல்லை. தெளிந்த வானத்தின் கீழ் நிலத்தின் வெப்பம் வெளியேறிவிட, குளிர்ந்து கனத்த காற்று மலைச்சரிவுகளின் வழியே இறங்கிப் பள்ளத்தாக்குகளில் தேங்குகிறது. பனி மூடிய தரை பகல் வெயிலின் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடுவதால் மறுநாளும் அது எளிதில் சூடேறுவதில்லை. அயல் மாநிலமான யூட்டாவில் பீற்றர் சிங்ஸ் என்ற பள்ளத்தில் 1985 பெப்ரவரி 1 அன்று சுழியத்துக்குக் கீழ் 56.3 பாகை செல்சியஸ் பதிவானது இப்படித்தான். அது ஆட்கள் குடியிருக்கும் இடமன்று. அம்மாவிடம் இந்த எண்ணைச் சொல்ல வேண்டாம்.

இது புதிய நிகழ்வுமன்று. 1949 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிழக்கு நெவாடாவில் ஆட்டு மந்தைகளும் மாட்டு மந்தைகளும் பனியில் அகப்பட்டுப் பட்டினி கிடந்தபோது, அமெரிக்க விமானப்படை வானிலிருந்து உலர்புற் கட்டுகளைப் போட்டு அவற்றைக் காப்பாற்ற முயன்றது.

நிலாவெளியான், இப்போது யூட்டாவில்:

அக்கா, ஆசிரியர் ஐயா குளிரைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் காற்றைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தம்பி அஞ்ச வேண்டியது அதற்குத்தான். வறண்ட குளிரில் விழும் பனி மாவைப்போல உலர்ந்தும் இலேசாகவும் இருக்கும். மரங்களில்லாமல் குட்டைப் புதர்கள் மட்டுமே வளரும் நீண்ட பள்ளத்தாக்குகளில் காற்று எழுந்தால், முன்பே விழுந்து கிடந்த பனியையும் அது வாரித் தூக்கிவிடும். தலைக்கு மேலே நீலவானம் தெரிய, முன்னாலுள்ள வீதி தெரியாமற் போகும். அமெரிக்க வானிலைச் சேவை கடும் பனிப்புயலுக்குச் சொல்லும் வரையறையே மணிக்கு 56 கிலோமீற்றர் காற்றும், 400 மீற்றருக்குக் குறைந்த பார்வைத் தூரமும், இரண்டும் 3 மணி நேரம் நீடிப்பதுந்தான். எவ்வளவு பனி விழுந்தது என்ற கணக்கு அதில் இல்லை. சுழியத்துக்குக் கீழ் 10 பாகையில் மணிக்கு 40 கிலோமீற்றர் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது சுழியத்துக்குக் கீழ் 21 பாகைபோல உறைக்கும்.

ஈலியிலிருந்து மேற்கே அடுத்த ஊரான யுரேக்காவுக்கு 120 கிலோமீற்றருக்கும் அதிகம்; இடையில் ஊரென்று சொல்ல எதுவுமில்லை. எரிபொருள் தாங்கி பாதிக்குக் கீழே இறங்க விடக்கூடாது. போர்வை, தண்ணீர், உணவு, மண்வெட்டி, டோர்ச் ஆகியவை எப்போதும் வாகனத்தில் இருக்கட்டும். நடுவழியில் அகப்பட்டால் உதவி தேடி நடக்கவே கூடாது. வெண்மையில் திசை தெரியாது, ஆனால் வாகனம் தேடுவோரின் கண்ணில் படும். சைலன்சர் குழாயை மூடிய பனியை அகற்றிய பிறகே, மணிக்கு ஒருமுறை 10 நிமிடமளவில் எஞ்சினை ஓடவிட்டு, ஒரு கண்ணாடியைச் சற்றே இறக்கி வைக்க வேண்டும். குழாய் அடைபட்டிருந்தால் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உள்ளே சேரும். அதற்கு மணமோ நிறமோ இல்லாததால் இருப்பவருக்குத் தெரியவராது.

தாதி, திருகோணமலை:

தங்கச்சி, உடுப்பைப் பற்றி ஒன்று. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடலைக் குளிர்விக்கும் என்பதால், உடலோடு ஒட்டிய உடுப்பு கம்பளியிலோ செயற்கை இழையிலோ இருப்பது நல்லது. அந்த வறண்ட காற்றில் உதடு வெடிக்கும், மூக்கிலிருந்து இரத்தமும் வரலாம். தாகம் தெரியாவிட்டாலும் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்குமாகையால் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். விரல் உணர்விழந்து வெளிறினால் தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ கூடாது. இளஞ்சூட்டு நீரில் வைத்துக்கொண்டு வைத்தியரை நாட வேண்டும்.

உவர்மலை வாசகி:

ஐயாவுக்கும் நிலாவெளித் தம்பிக்கும் தாதி அக்காவுக்கும் மிக்க நன்றி. இன்னொரு கேள்வி: குளிருடுப்புகளை இங்கேயே வாங்கிக் கொடுப்பதா, அங்கே போய் வாங்கச் சொல்வதா?

நிலாவெளியான்:

உள்ளுடுப்புகளையும் கையுறையையும் கொண்டுவரட்டும் அக்கா. கனத்த மேலங்கியும் பனிச் சப்பாத்தும் இங்கேதான் பொருத்தமாகக் கிடைக்கும். அவர் சோல்ட் லேக் சிற்றியில் இறங்கினாலும் லாஸ் வேகாசில் இறங்கினாலும் ஈலிக்கு ஏறத்தாழ 390 கிலோமீற்றர் வீதிப் பயணம் உண்டு. அந்தத் தூரத்தை முதல் நாளிலேயே அவர் தானே ஓட்டிச் செல்ல வேண்டாம். வேலைத்தலத்திலிருந்து யாரேனும் வந்து அழைத்துச் செல்வார்களா என்று இப்போதே கேட்டு வையுங்கள். புயல் எச்சரிக்கை இருந்தால், வேலையில் சேர்வது ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை, விமான நிலையம் உள்ள நகரிலேயே தங்கட்டும். இங்குள்ளவர்களும் அப்படித்தான் செய்வார்கள்.